கட்டி கரைக்கும் குடிநீரை ஆய்வுகூடத்தில் சோதிப்பது பற்றி

யாழ்ப்பாணத்தில் சித்த மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது: "எனது அம்மப்பா பரம்பரைப் பரியாரியார். உடம்பில் வரும் கட்டிகளுக்கும் ஆறாத புண்களுக்கும் அவர் கொடுத்த குடிநீரின் செய்முறை வீட்டு ஏட்டில் இருக்கிறது. ஐந்து சரக்குகள், நன்னாரியும் திப்பிலியும் அவற்றுள் அடக்கம். இதைப் புற்றுநோய்க் கலங்களின் மேல் சோதிக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது? கலங்கள் இறந்தால் அது புற்றுநோய் மருந்து என்று சொல்லலாமா? முடிவை வெளியிட்டால் எங்கள் குடும்பத்துக்கு என்ன உரிமை மிஞ்சும்?"

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதன் விடையைப் பொறுத்தே முதற் கேள்வியின் விடை அமைய வேண்டும். கலங்கள் இறக்கும். அதில் எனக்கு ஐயம் இல்லை. வளர்ப்புக் கிண்ணத்தில் இருக்கும் கலங்களின் மேல் போதிய செறிவில் ஊற்றினால் தேயிலைச் சாயமும் கொல்லும், கடுக்காய்க் கசாயமும் கொல்லும், உப்புக் கரைசலும் கொல்லும். தாவரங்களில் நிறைந்திருக்கும் தனின்கள் புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்கின்றன. சப்போனின்கள் கலமென்சவ்வையே ஓட்டையாக்குகின்றன. இவ்விரண்டும் புற்றுநோய்க் கலம், நல்ல கலம் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே "இன்ன மூலிகை புற்றுநோய்க் கலங்களில் தொண்ணூறு வீதத்தைக் கொன்றது" என்ற செய்தியைப் படிக்கும்போது, எந்தச் செறிவில், எந்த நல்ல கலத்தோடு ஒப்பிட்டு என்ற இரண்டு விவரங்களும் இல்லையாயின், அந்தச் செய்தியில் விடயம் எதுவும் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

செறிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கொன்றால் பார்க்கலாம். ஒரு பிரித்தெடுப்பு, அதாவது மூலிகையிலிருந்து கரைத்தெடுத்த சாறு, மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் செறிவில் பாதிக் கலங்களைக் கொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 40 லீற்றர் நீர் இருக்கிறது. அந்த நீர் முழுவதிலும் அதே செறிவை எட்டுவதற்கு 4 கிராம் பிரித்தெடுப்பு குடலால் ஒன்றும் மிச்சமின்றி உறிஞ்சப்பட வேண்டும். ஈரல் அதை உருமாற்றாமல் விட வேண்டும். சிறுநீரோடு வெளியேறாமல் மணிக்கணக்கில் குருதியில் நிற்கவும் வேண்டும். இந்த நிபந்தனைகளில் ஒன்றைக்கூடப் பெரும்பாலான தாவரச் சேர்வைகள் (தாவரங்களிலுள்ள இரசாயனப் பொருள்கள்) நிறைவேற்றுவதில்லை. மஞ்சளின் குர்குமின் இதற்கு நல்ல உதாரணம். கிண்ணத்தில் அது தாக்காத புற்றுநோய்க் கலவகை இல்லை என்று சொல்லுமளவுக்குக் கட்டுரைகள் குவிந்திருக்கின்றன. ஆனால் நாளொன்றுக்கு 8 கிராம் வரை விழுங்கியவர்களின் குருதியிலும் அது மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. அத்தோடு, குர்குமின் பல சோதனைகளில் அளவீட்டையே குழப்பிப் பொய்யான பலனைக் காட்டும் தன்மை உடையது என்பதை 2017இல் மருந்து வேதியியலாளர் சிலர் விரிவாக எடுத்துக்காட்டினர்.

இப்படிச் சொல்வதால் மூலிகைகளில் ஒன்றுமில்லை என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். எங்கள் கடற்கரை மணலிலும் வேலியோரங்களிலும் ஒருவரும் நீரூற்றாமலே பூக்கும் பட்டிப்பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நித்தியகல்யாணி என்று தமிழகத்தார் சொல்லும் அந்தச் செடி மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவியது. பல நாடுகளில் அதன் இலையைச் சலரோகத்துக்குக் குடித்துவந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஜமைக்காவிலிருந்து அந்த இலைகள் கனடாவின் வெஸ்டேர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் இருந்த றொபேட் நோபிளிடம் வந்துசேர்ந்தன. வாயால் கொடுத்த சாறு எலிகளின் குருதிச் சீனியைக் குறைக்கவில்லை. ஊசிமூலம் ஏற்றப்பட்ட எலிகளோ தொற்று கண்டு இறந்தன. ஏன் இறந்தன என்று தேடியபோது, அவற்றின் வெண்குழியங்கள் வெகுவாகக் குறைந்திருந்ததும் என்பு மச்சை ஒடுங்கியிருந்ததும் தெரியவந்தன. வெண்குழியங்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்தானே இலியூக்கேமியா? நோபிளும் சார்ள்ஸ் பியரும் அந்தச் சேர்வையைத் தனியாகப் பிரித்து 1958இல் அறிவித்தார்கள், அதுவே வின்பிளாஸ்ரின். அதே காலத்தில் ஈலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவின் குழுவினர் இலியூக்கேமியா உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளில் அதே செடியின் சாற்றைச் சோதித்து, வின்கிறிஸ்ரினையும் கண்டெடுத்தார்கள். 1963இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதிக்கப்பட்டது. குழந்தைகளின் இலியூக்கேமியாச் சிகிச்சையில் இன்றும் அது நீங்கா இடம் பெற்றிருக்கிறது.

இந்த வரலாற்றில் உங்கள் வேலைக்குத் தேவையான செய்திகள் சில இருக்கின்றன. மரபு வழக்கு சரியான செடியைக் காட்டியது, ஆனால் தவறான நோயைச் சொல்லியே காட்டியது. எதிர்பார்த்த பலன் கிடைக்காத சோதனையைத் தூக்கி எறியாமல், எலிகள் ஏன் இறந்தன என்று பார்த்தவர்களுக்கே மருந்து கிடைத்தது. மூன்றாவது செய்தியைப் பொதுமக்கள் பலர் அறியார்: தொன் கணக்கான உலர்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கிலேயே வின்கிறிஸ்ரின் கிடைக்கிறது. நோயாளிக்கு ஒரு தடவையில் நாளத்தினூடாக ஏற்றப்படும் அளவோ பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை, ஏனெனில் அதற்கு மேல் நரம்புகள் பாதிக்கப்படும். எனவே பட்டிப்பூ இலையை அவித்துக் குடிப்பவருக்கு அந்த மருந்து உரிய அளவில் கிடைக்கப்போவதில்லை. இலையிலுள்ள அல்கலொயிட்டுகள் என்ற வகையைச் சேர்ந்த மற்றச் சேர்வைகளின் நச்சுத்தன்மை மட்டும் கிடைக்கலாம். செடியில் மருந்து இருப்பதும் செடியே மருந்தாக இருப்பதும் வேறு வேறு.

பசிபிக் யூ மரத்தின் கதையும் சொல்லப்பட வேண்டியதே, ஆனால் சுருக்கமாக. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் 1960 முதல் 1982 வரை ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்தது. 1962இல் சேகரிக்கப்பட்ட யூ மரப் பட்டையிலிருந்து மொன்றோ வோலும் மன்சுக் வானியும் பிரித்தெடுத்த சேர்வையின் கட்டமைப்பு 1971இல் வெளியாயிற்று. அது எவ்வாறு செயற்படுகிறது என்பதை 1979இல் சூசன் ஹோர்விற்ஸ் விளக்கினார். பக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது 1992இன் இறுதியில். முப்பது ஆண்டுகள். 35,000 மாதிரிகளிலிருந்து பெரிய மருந்துகளாக வந்தவற்றை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

இனி முதற் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தொடங்க வேண்டிய இடம் ஆய்வுகூடம் அன்று, சரக்கு. ஏட்டில் ஒரு பெயர் இருக்கிறது, கடையில் அந்தப் பெயரில் ஒரு வேர் விற்கிறது, வேலியில் அதே பெயரில் ஒரு கொடி நிற்கிறது. இவை மூன்றும் ஒன்றுதான் என்று யாரும் உங்களுக்கு உறுதி தரவில்லை. நன்னாரி என்று சந்தையில் வருவதில் மாகாளிக்கிழங்கின் வேர் கலந்திருப்பதுண்டு. இரண்டுக்கும் மணம் ஏறத்தாழ ஒன்றே. ஆகையால் பூவோ காயோ உள்ள கிளையோடு செடியைச் சேகரித்து, இடம், மாதம், மண், சேகரித்தவர் ஆகிய குறிப்புகளுடன் அழுத்தி உலர்த்தி, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பகத்தில் அடையாளம் உறுதிசெய்து, ஒரு மாதிரியை அங்கே வைப்பிலிட்டு எண் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாத ஆய்வுக் கட்டுரையை நல்ல சஞ்சிகைகள் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. வன்னிக் காடுகளிலிருந்து எடுப்பதாயின் வனத் திணைக்களத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். மாரி முடிந்தவுடன் எடுத்த வேருக்கும் சோளகம் வீசும் வறண்ட மாதத்தில் எடுத்த வேருக்கும் சேர்வைகளின் அளவு வேறுபடும்; அம்மப்பா எந்தப் பருவத்தில் பிடுங்கினார் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு வையுங்கள்.

அடையாளத்தில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நினைத்தால் பெல்ஜியத்தில் நடந்ததைப் படிக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அங்கு உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிசைகளை உட்கொண்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகங்கள் பழுதடைந்தன; பின்னர் அவர்களுள் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஒத்த பெயருடைய அரிஸ்டொலோக்கியா இனத் தாவரம் ஒன்று சரக்கில் புகுந்திருந்தது. அந்த இனத்திலுள்ள அரிஸ்டொலோக்கிக் அமிலத்தை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான முதலாம் வகுப்பில் சேர்த்திருக்கிறது. எங்கள் ஈசுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனத்தைச் சேர்ந்தவை. உங்கள் ஏட்டின் ஐந்து சரக்குகளில் அவற்றுள் ஒன்று இருக்குமானால், சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது தயாரிப்பு. எங்கள் பல்கலைக்கழகங்களில் மூலிகையைச் சோதிப்போர் பெரும்பாலும் மெதனோலிலோ ஹெக்சேனிலோ ஊறவைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். சேர்வைகளைத் தேடுவதற்கு அது சரியான வழி. அம்மப்பாவின் மருந்தைச் சோதிப்பதற்கு அது வழியன்று. அவர் மண்சட்டியில் நீர்விட்டு, எட்டொன்றாய் வற்றக் காய்ச்சிக் கொடுத்திருப்பார். நீரில் கரையாதவை அந்தக் குடிநீரில் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். கொதிக்கும்போது ஆவியாகக் கூடியவை, நன்னாரி வேரின் மணத்துக்குக் காரணமான சேர்வை உட்பட, பெரும்பகுதி போயிருக்கும். எனவே அவர் செய்தபடியே காய்ச்சி, வடித்து, குளிர்-உலர்த்தலால் தூளாக்கி, எத்தனை கிராம் சரக்கிலிருந்து எத்தனை கிராம் தூள் கிடைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விகிதம் தெரியாவிட்டால், கிண்ணத்தில் கிடைக்கும் செறிவை நோயாளி குடித்த அளவோடு பின்னர் பொருத்திப் பார்க்கவே முடியாது. விரும்பினால் மெதனோல் பிரித்தெடுப்பையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள், ஆனால் அதன் பலனைக் குடிநீரின் கணக்கில் எழுதாதீர்கள்.

கலச் சோதனையை யாழ்ப்பாணத்தில் செய்ய இயலாவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிரியல் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற, கலவளர்ப்பில் அனுபவமுள்ள இடத்தோடு சேர்ந்து செய்வது நல்லது. எம்.ரி.ரி. எனப்படும் சோதனையே அதிகம் கையாளப்படுகிறது. உயிருள்ள கலங்களின் நொதியங்கள் மஞ்சள் நிறச் சாயமொன்றை ஊதா நிறமாக்கும்; ஊதா எவ்வளவு ஆழமோ அவ்வளவு கலங்கள் உயிரோடு இருப்பதாகக் கொள்வார்கள். மூலிகைகளைப் பொறுத்தவரை இங்கே ஒரு பொறி உண்டு. தாவரப் பொலிபீனோல்கள் கலமே இல்லாத இடத்திலும் அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செத்த கலங்களும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். கலம் இடாமல் குடிநீரையும் சாயத்தையும் மட்டும் இட்ட குழிகள் ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டும். கலங்களின் புரதத்தைச் சாயமேற்றி அளக்கும் சல்போரோடமின் முறையாலும் முடிவைச் சரிபார்க்க வேண்டும். பிரித்தெடுப்பைக் கரைக்க டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானைச் சேர்த்தால், அது மட்டும் இட்ட கட்டுப்பாட்டுக் குழிகளும் வேண்டும். பெயர் தெரிந்த ஒரு புற்றுநோய் மருந்தை, டொக்சோறுபிசின் போன்றதொன்றை, ஒப்பீட்டுக்கு வையுங்கள். வெவ்வேறு நாட்களில் குறைந்தது மூன்று தடவை முழுச் சோதனையும் திரும்பச் செய்யப்பட வேண்டும். ஒரே நாளில் ஒரே தட்டில் மூன்று குழிகளை நிரப்பிவிட்டு மூன்று தடவை என்று எழுதுவதை ஆய்வு என்று சொல்ல முடியாது.

கலங்களின் பூர்வீகத்தையும் கேளுங்கள். 1966இலேயே ஸ்ரான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு உறுப்புகளிலிருந்து எடுத்தவை என்று நம்பப்பட்ட பல கலவழிகள் (ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் கலங்கள்) உண்மையில் ஹீலா கலங்களே என்று காட்டினார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் 1951இல் இறந்த ஹென்றியெற்றா லக்சின் கட்டியிலிருந்து வந்த அந்தக் கலங்கள் அவ்வளவு வீரியத்தோடு மற்றக் குடுவைகளிலும் புகுந்து பெருகியிருந்தன. இன்று டி.என்.ஏ. அடையாளச் சோதனையால் இதை உறுதிசெய்யலாம். உறுதிசெய்த ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம்.

பலனை எப்படி மதிப்பிடுவது? பாதிக் கலங்களைக் கொல்லும் செறிவு, முழுப் பிரித்தெடுப்பாயின் மில்லிலீற்றருக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள்ளும், தனிச் சேர்வையாயின் 4 மைக்ரோகிராமுக்குள்ளும் இருந்தால் மேலே தொடரலாம் என்பது நெடுங்காலமாகக் கையாளப்படும் வரம்பு. நல்ல கலங்களைக் கொல்லும் செறிவு அதைவிடப் பல மடங்கு உயர்ந்திருக்க வேண்டும். 400, 500 மைக்ரோகிராமில் கொல்வதை "சிறந்த புற்றுநோய் எதிர்ப்பு" என்று தலைப்பிட்டு வெளியிடும் கட்டுரைகளை நான் பொருட்படுத்துவதில்லை. உப்புநீர் இறால் குஞ்சுகளைக் கொண்டு செய்யும் சோதனை மலிவானது, 1982 முதல் வழக்கில் உள்ளது; ஒரு சாறு நச்சுடையதா என்று முதலில் தட்டிப் பார்க்க உதவும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. டி.பி.பி.எச். சோதனையோ ஒட்சியேற்ற எதிரியை அளப்பது. ஊதாக் கரைசல் மஞ்சளாவதற்கும் கட்டி கரைவதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. எங்கள் மாணவர் ஆய்வேடுகளில் இவையிரண்டையும் செய்துவிட்டுப் புற்றுநோய் என்று தலைப்பிடும் பழக்கம் வளர்ந்திருப்பது வருந்தத்தக்கது.

எருக்கலையையும் அலரியையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைத் தொடங்குபவர் யாரும் விரைவில் அவற்றிடம் போய்ச்சேருவர். இரண்டின் பாலிலும் விதையிலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைட்டுகள் உள்ளன. கிண்ணத்தில் அவை மனிதப் புற்றுநோய்க் கலங்களை மிகக் குறைந்த செறிவிலேயே கொல்லும். மனிதக் கட்டியை ஒட்டவைத்த சுண்டெலிக்குக் கொடுத்தால் கட்டி சுருங்கும், சுண்டெலி சுகமாக ஓடித்திரியும். பார்ப்பவருக்கு அற்புத மருந்து கிடைத்ததாகத் தோன்றும். உண்மை என்னவெனில், இந்தச் சேர்வைகள் பற்றும், கலமென்சவ்விலுள்ள சோடியம் பொற்றாசியப் பம்பி என்ற புரதம் எலியினங்களில் வேறு வடிவில் இருப்பதால் அவை மனிதரைவிட நூறு மடங்குக்கு மேல் தாங்குகின்றன. அதாவது அங்கே கொல்லப்பட்டது புற்றுநோய்க் கலம் என்பதற்காக அன்று, மனிதக் கலம் என்பதற்காக. மஞ்சள் அலரி நஞ்சேற்றம் மனித இதயத்துக்கு என்ன செய்யும் என்பதை 1980கள் முதல் எங்கள் மருத்துவமனைகள் துயரத்தோடு அறிந்திருக்கின்றன. ஆகவே கிண்ணத்தில் மிகப் பிரமாதமாகக் கொல்லும் சாறு கிடைத்தால், மகிழ்வதற்கு முன் இந்தக் கிளைக்கோசைட்டுகள் அதில் உண்டா என்று பாருங்கள்.

விலங்குச் சோதனைக்கு உங்களுக்கு முன்மாதிரி இந்த நாட்டிலேயே இருக்கிறது. தென்னிலங்கையில் ஒரு வைத்தியக் குடும்பத்தார் புற்றுநோயாளருக்குக் கொடுத்துவந்த குடிநீர் ஒன்று: கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச்சக்கை இனத்தைச் சேர்ந்த கிழங்கு ஆகிய மூன்றும் சேர்ந்தது. இலங்கை ஆய்வாளர்கள் 2000களில் அதை வழக்கப்படியே காய்ச்சி, மனித ஈரல் புற்றுநோய்க் கலங்களின் மேலும், டைஎத்தில்நைட்ரோசமின் என்ற புற்றுத்தூண்டி கொடுக்கப்பட்ட எலிகளிலும் சோதித்தார்கள். எலிகளின் ஈரலில் புற்றாக மாறக்கூடிய கலத்திட்டுகள் குடிநீர் பெற்றவற்றில் குறைவாகவே தோன்றின. நெடுங்கால ஆய்விலும் அந்தப் பாதுகாப்புத் தெரிந்தது. பொறுமையாகவும் ஒழுங்காகவும் செய்யப்பட்ட வேலை. இருந்தாலும் அது எதைக் காட்டியது என்பதில் தெளிவு வேண்டும். புற்று உருவாவதைத் தடுத்தலை அது சோதித்தது. உருவாகிவிட்ட கட்டியைக் கரைத்தலை அன்று. தெற்கில் கட்டுப்பிலா என்றும் தமிழில் முட்புலாந்தி என்றும் சொல்லப்படும் செடியும் இவ்வாறே கலச் சோதனைகளில் ஆராயப்பட்டிருக்கிறது. சனங்களிடையே அதற்கு இருக்கும் பேர், கிண்ணத்து முடிவுகளைவிட எத்தனையோ படி முன்னால் ஓடிவிட்டது.

உங்கள் ஆசிரியர்கள் ஒரு மறுப்பைச் சொல்லக்கூடும்: சித்த மருந்து கூட்டாகவே வேலை செய்கிறது, அதைப் பிரித்துச் சோதிப்பது முறையன்று. இந்த மறுப்பை நான் மதிக்கிறேன், ஆனால் அதுவும் சோதிக்கக்கூடிய கூற்றே. முழுக் குடிநீர் ஒன்று, ஒவ்வொரு சரக்காக விட்டுவிட்டுக் காய்ச்சியவை ஐந்து, தனித்தனியாகக் காய்ச்சியவை ஐந்து, ஆக 11 மாதிரிகள். எதை விட்டால் பலன் குறைகிறது, எதை விட்டால் நச்சு குறைகிறது என்பது அதிலே தெரிந்துவிடும். சீனத்தில் நாட்பட்ட இலியூக்கேமியாவுக்குக் கொடுத்துவந்த பதினொரு சரக்குக் கூட்டு மருந்தை இவ்வாறு அலசியபோதுதான், பலன் முழுவதும் அவுரி போன்ற செடிகளிலிருந்து எடுக்கும் நீலத்தில் இருந்தது தெரிந்து, அதிலிருந்து இண்டிருபின் என்ற சேர்வை கிடைத்தது. இரசம், பாடாணம் சேர்ந்த மெழுகுகளையும் செந்தூரங்களையும் இந்தச் சோதனைக்குள் கொண்டுவராதீர்கள். பாதரசமும் ஆர்செனிக்கும் எந்தக் கலத்தையும் கொல்லும் என்பதால் மூலிகையின் பங்கு எது என்று பிரித்தறிய முடியாமற் போகும்.

இத்தனையும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்கிறேன். உங்களிடம் உள்ள அரிய பொருள் செடியன்று, அம்மப்பாவின் நோயாளர்கள். செடி யாரிடமும் கிடைக்கும். ஆர்செனிக் திரிஒட்சைட்டு ஆய்வுகூடத்தில் தொடங்கிய மருந்தன்று. 1970களில் சீனத்தின் ஹார்பின் நகர மருத்துவர்கள், நாட்டு வைத்தியர் கையாண்ட கலவையொன்று ஒருவகை இலியூக்கேமியா நோயாளரைக் குணமாக்குவதைக் கவனித்து, பதிவுசெய்து, கலவையை எளிதாக்கி, அதன் பிறகே கலங்களிடம் போனார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவும் அதை அனுமதித்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் 1991 முதல் மரபு மருத்துவர்களிடமிருந்து சிறந்த நோயாளர் பதிவுகளைப் பெற்று ஆராய்ந்து வந்தது. அதன் நிபந்தனைகள் எளியவை, ஆனால் கடுமையானவை: நோய் புற்றுநோய்தான் என்று இழையப் பரிசோதனையால் உறுதிப்பட்டிருக்க வேண்டும், மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களில் கட்டியின் அளவு தெரிய வேண்டும், அதே காலத்தில் பலன் தரக்கூடிய வேறு சிகிச்சை நடந்திருக்கக் கூடாது. ஏட்டிலுள்ள "கட்டி" கழலையாக இருந்திருக்கலாம், கண்டமாலையாக இருந்திருக்கலாம், சீழ்க்கட்டியாகவும் இருந்திருக்கலாம். செகராசசேகரம், பரராசசேகரம் போன்ற எங்கள் வைத்திய நூல்களின் நோய்ப் பெயர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். அம்மப்பாவின் குறிப்புப் புத்தகங்கள் இருந்தால், தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையிலோ மகரகமவிலோ நோய் உறுதிசெய்யப்பட்டவர்கள் அவர்களுள் இருந்தார்களா என்று, மருத்துவ பீடத்தின் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியோடும் நோயாளரின் சம்மதத்தோடும் தேடிப்பாருங்கள். அத்தகைய நோயாளர் ஒருவரின் முழுமையான பதிவு நூறு கிண்ணங்களைவிடப் பெறுமதியானது.

ஒரு எச்சரிக்கை. இந்தச் செய்முறை உங்களிடம் இருப்பது தெரிந்தால், இப்போது சிகிச்சையில் இருப்பவர்களின் உறவினர் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பிப்பரின், மருந்துகளை உருமாற்றும் ஈரல் நொதியங்களைத் தடுக்க வல்லது. பக்லிடாக்செல், வின்கிறிஸ்ரின் ஆகியவற்றை உடல் அகற்றுவதும் பெரும்பாலும் அந்த நொதியங்களின் வழியாகவே. அவை முடங்கினால், அளவாக ஏற்றிய மருந்தே நஞ்சாகலாம். வெண்குழியம் குறைந்திருப்பவருக்குப் பச்சிலைச் சாறு கொடுப்பது தொற்றையும் கொடுப்பதாக முடியலாம். ஏற்கெனவே ஏதாவது குடித்துக்கொண்டிருப்பவர் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், மருத்துவரும் ஏசாமல் கேட்க வேண்டும்.

கடைசியாக உரிமை. காயம் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்துவது பற்றி 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமம், அந்தப் பயன்பாடு ஏற்கெனவே எழுத்தில் உள்ளது என்று இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு ஆதாரத்தோடு காட்டியதால் 1997இல் நீக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு இரு பக்கமும் வெட்டும். எழுத்தில் வெளியான மரபறிவை அந்நியர் தமதென்று பதிவுசெய்ய முடியாது. அதே காரணத்தால் அதே பயன்பாட்டுக்கு உங்கள் குடும்பத்துக்கும் காப்புரிமம் கிடைப்பது கடினம். வீட்டு ஏட்டில் மட்டும் இருந்து அச்சேறாத செய்முறையாயின் நிலை சற்று வேறு, ஆனால் கட்டுரையாகவோ மாநாட்டுச் சுருக்கமாகவோ வெளியிட்ட பிறகு அது புதியது என்று வாதிடுவது சிக்கலாகும். இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பல்கலைக்கழகங்களிலும் இவ்விடயத்தைக் கவனிக்கும் பிரிவுகள் உண்டு. ஆகையால் முதல் மாதிரியைக் கையளிப்பதற்கு முன்னரே, செய்முறை யாருடையது, தனிச் சேர்வை ஏதும் கண்டுபிடிக்கப்பட்டால் யார் யாருக்கு என்ன பங்கு, கட்டுரையில் அம்மப்பாவின் பெயர் எவ்வாறு குறிக்கப்படும், சரக்குகளின் பெயர்களை எப்போது வெளிப்படுத்துவது ஆகியவற்றை ஆய்வுகூடத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மாதிரிகளை ஒன்று, இரண்டு என்று குறியீட்டோடு கொடுக்கலாம்; அப்படிக் கொடுத்தால் எந்தக் குழியில் எது இருக்கிறது என்று சோதிப்பவருக்கும் தெரியாது என்பதால், சோதனையும் பக்கச்சார்பின்றி நடக்கும்.